சவ்வு எதை விடும், எதை மறிக்கும்: ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் சர்க்கரை இருப்பதன் காரணம்

கேள்வி இது: "செல் சவ்வு ஒரு தேர்வு கடத்து சவ்வு என்று பள்ளியிலிருந்தே படித்து வருகிறோம். சவ்வுக்கு அறிவு கிடையாதே, எதை உள்ளே விடலாம், எதை விடக்கூடாது என்று தேர்ந்தெடுப்பது யார்? இன்னொரு சந்தேகமும் உண்டு. வயிற்றுப்போக்கில் வெளியேறுவது நீரும் உப்பும்தான் என்றால் உப்பு கலந்த நீரைக் கொடுத்தாலே போதுமே, ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்று உப்பு) பொட்டலத்தில் சர்க்கரையை எதற்காகச் சேர்க்கிறார்கள்?"

இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். முதலாவதற்கு முழு விடை கிடைத்துவிட்டால் இரண்டாவது தானாகவே அவிழ்ந்துவிடும். குழப்பத்துக்குக் காரணம் 'தேர்வு' என்ற சொல். சவ்வின் அடிப்படைப் பொருளான கொழுப்பு அடுக்கு எதையும் தேர்ந்தெடுப்பதில்லை; நீரில் நன்றாகக் கரையும் பொருள்கள் அனைத்தையும் ஏறத்தாழ ஒரே கண்டிப்புடன் மறிக்கிறது. அந்தச் சுவரில் எந்த வாசலைப் பதிப்பது, எத்தனை பதிப்பது, எப்போது திறப்பது என்பதெல்லாம் செல்லின் வேலை. வாசல் திறந்த பிறகு பொருள் எந்தப் பக்கம் போகும் என்பதைப் பெரும்பாலான இடங்களில் முடிவு செய்வது, செல் தன் ஆற்றலைச் செலவிட்டு இரவும் பகலும் காத்துவரும் சோடியத்தின் ஏற்றத்தாழ்வு. இந்தக் கடைசிச் செய்தியைத்தான் பாடநூல்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போகின்றன. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் வேலை செய்வது இதை நம்பித்தான்.

முதலில் சுவரைப் பார்ப்போம். வகுப்பில் நான் வழக்கமாகச் செய்து காட்டுவது பீட்ரூட் சோதனை, வீட்டிலும் செய்யலாம். பீட்ரூட்டைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். கத்தி பட்ட இடத்திலுள்ள செல்கள் உடைந்து சாறு கசியும் என்பதால், நிறம் வருவது நிற்கும்வரை துண்டுகளைக் குழாய் நீரில் கழுவ வேண்டும். கழுவிய துண்டுகளில் பாதியைக் குளிர்ந்த நீரிலும் மீதியைக் கை பொறுக்காத சூட்டில், அதாவது 70 டிகிரி செல்சியஸ் அளவில் உள்ள நீரிலும் போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். குளிர்ந்த நீர் வெளிறிய இளஞ்சிவப்போடு நின்றிருக்கும். சூடான நீர் அடர்ந்த கருஞ்சிவப்பாகியிருக்கும். பீட்ரூட்டின் நிறமி நீரில் மிக நன்றாகக் கரையக்கூடியது. செல்லுக்குள் வாக்குவோல் என்னும் பையில் இருக்கும் அந்த நிறமி வெளியே வர இரண்டு சவ்வுகளைத் தாண்ட வேண்டும்: பையின் சவ்வு ஒன்று, செல்லின் சவ்வு ஒன்று. உயிருள்ள காயில் இந்த இரண்டும் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. சூடு சவ்வின் கட்டமைப்பைக் குலைத்த பிறகு நிறமியைப் பிடித்து வைக்க எதுவும் இல்லை. குளிர்ந்த நீருக்குப் பதில் சாராயம் கலந்த நீரில் போட்டாலும் நிறம் கொட்டும், ஏனென்றால் சாராயம் கொழுப்பைக் கரைக்கிறது. சவ்வின் அடிப்படைப் பொருள் கொழுப்பு என்பதற்குச் சமையலறையிலேயே கிடைக்கும் சான்று இது.

இதே முடிவுக்கு எர்னஸ்ட் ஓவர்டன் 1890களில் சூரிச்சில் வந்து சேர்ந்தார். பல்வேறு வேதிப்பொருள்கள் செல்லுக்குள் எவ்வளவு விரைவாக நுழைகின்றன என்று சோதித்தபோது, எண்ணெயில் நன்றாகக் கரைபவை விரைவாகவும், நீரில் மட்டும் கரைபவை மெதுவாகவும் நுழைவதைக் கண்டார். 1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கார்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின் மேல் ஒற்றை மூலக்கூறுத் தடிமனில் பரப்பிப் பார்த்தார்கள். அது பிடித்த பரப்பு, அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு இருந்தது. ஆகவே சவ்வு இரட்டை அடுக்கு என்று முடிவு கட்டினார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழுப்பு முழுவதையும் அவர்கள் பிரித்தெடுக்கவில்லை. அணுவின் மேற்பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு தவறுகளும் ஒன்றையொன்று ஈடுகட்டிச் சரியான விடையைக் கொடுத்துவிட்டன. அறிவியல் வரலாற்றில் இவ்வளவு அதிர்ஷ்டமான கணக்குப் பிழை அரிது.

அந்த இரட்டை அடுக்கின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர். சாதாரண எழுதுதாளின் தடிமனை எட்ட இருபதாயிரம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டியிருக்கும். சவ்வின் கொழுப்பான பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகளின் தலைகள் நீரை நாடி வெளிப்புறத்தையும் உட்புறத்தையும் நோக்கி நிற்க, வால்கள் நீரிலிருந்து விலகி நடுவில் ஒன்றுகூடி எண்ணெய்ப் படலமாகின்றன. ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் இந்த எண்ணெய்ப் படலத்தைத் தடையில்லாமல் கடந்து போகும். ஸ்டீராய்டு ஹார்மோன்களும் போகும். குளுக்கோஸ் அப்படிப் போக முடியாது, ஏனென்றால் அதன் உடலெங்கும் நீரைப் பற்றியிருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அந்த நீரை உதறிவிட்டு எண்ணெய்க்குள் இறங்க அதற்கு ஆற்றல் போதாது. சோடியம் அயனியின் நிலைமை இன்னும் மோசம். மின்சுமையுள்ள அது நீர் மூலக்கூறுகளைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. புரதம் எதுவும் பதிக்காத வெறும் கொழுப்பு அடுக்கை நீர் கடக்கும் வேகத்தோடு ஒப்பிட்டால் சோடியம் கடக்கும் வேகம் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவு. சுருக்கமாகச் சொன்னால், சவ்வு சோடியத்தை வெறுப்பதாலோ அடையாளம் கண்டு தடுப்பதாலோ அது நிற்கவில்லை. எண்ணெய்க்குள் நுழைவது அதற்குக் கட்டுப்படியாகவில்லை, அவ்வளவுதான்.

நீர் கடக்கும் முறை தனியாகப் பேச வேண்டியது. கொழுப்பு அடுக்கை நீர் மெதுவாகக் கடக்கும் என்றாலும், சிவப்பணுவையும் சிறுநீரகச் செல்லையும் அது கடக்கும் வேகம் கொழுப்பின் வழியே மட்டும் நடக்கக்கூடியதாக இல்லை. எங்கோ ஒரு குழாய் இருக்க வேண்டும் என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. 1992இல் அமெரிக்காவில் பீட்டர் ஆக்ரேயின் குழு, சிவப்பணுவில் தற்செயலாகக் கிடைத்திருந்த ஒரு புரதத்தை ஆப்பிரிக்கத் தவளையின் முட்டைச் செல்லில் உருவாகச் செய்து, அந்தச் செல்லை நீர்த்த கரைசலில் போட்டது. குளத்து நீரில் கிடந்து பழகிய தவளை முட்டை சாதாரணமாக எதுவும் ஆகாமல் இருக்கும்; இந்தப் புரதம் ஏறிய முட்டையோ சில நிமிடங்களில் உப்பி வெடித்தது. அக்குவாபோரின் என்று இன்று வழங்கும் அந்தப் புரதத்தின் ஒரே ஒரு துளை வழியாக நொடிக்கு ஏறத்தாழ 300 கோடி நீர் மூலக்கூறுகள் வரிசையாகப் போகின்றன. நீரை இவ்வளவு தாராளமாக விடும் அதே துளை ஹைட்ரஜன் அயனியை விடுவதில்லை. விட்டிருந்தால் செல்லின் அமில அளவு நிலைகுலைந்திருக்கும். 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் ஆக்ரேக்குப் பாதி கிடைத்தது.

நீர் எந்தப் பக்கம் போகும் என்பது சவ்வூடு பரவலின் விதி. இலங்கைப் பாடநூல்களில் இதையே பிரசாரணம் என்பார்கள். சவ்வைக் கடக்க முடியாத கரைபொருள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் போகும். மாவடு போடும்போது நாம் ஒரு சொட்டு நீரும் ஊற்றுவதில்லை. கழுவித் துடைத்த வடுக்களின் மேல் கல்லுப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் இரண்டு நாளில் ஜாடியில் நீர் விட்டிருக்கும், வடுவின் தோல் சுருங்கியிருக்கும். அந்த நீர் முழுவதும் காயின் செல்களுக்குள் இருந்தது. மருத்துவமனையில் ஏற்றும் சலைன் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு என்ற கணக்கில் இருப்பதும் இதனால்தான். வெறும் காய்ச்சி வடித்த நீரை நாளத்தில் செலுத்தினால் சிவப்பணுக்கள் நீரை இழுத்து உப்பி வெடித்துவிடும்.

'சவ்வைக் கடக்க முடியாத' என்ற சொற்களை மாணவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சலைனில் இருக்கும் அதே எண்ணிக்கையில் துகள்கள் உள்ள யூரியாக் கரைசலில் சிவப்பணுவைப் போட்டுப் பாருங்கள். கணக்குப்படி உள்ளும் புறமும் சமம். ஆனாலும் அணு வெடிக்கும். சிவப்பணுவின் சவ்வில் யூரியாவுக்கு வாசல் இருப்பதால் யூரியா உள்ளே போகிறது, அதன் பின்னால் நீரும் போகிறது. ஆகவே ஒரு கரைசல் செல்லை உப்பச் செய்யுமா, சுருக்குமா என்பது கரைசலின் செறிவை மட்டும் பார்த்துச் சொல்லக்கூடியதன்று. எதிரே இருக்கும் சவ்வில் எந்தெந்த வாசல்கள் உள்ளன என்பதையும் பார்த்தே சொல்ல முடியும்.

இனி வாசல்களைப் பார்ப்போம். 'யார் தேர்ந்தெடுப்பது' என்ற உங்கள் கேள்விக்கு மிக அழகான விடை பொட்டாசியம் கால்வாயில் இருக்கிறது. இந்தக் கால்வாய் பொட்டாசியம் அயனியை நொடிக்குக் கோடிக்கணக்கில் விடுகிறது; சோடியத்தை ஏறத்தாழ முற்றிலும் மறிக்கிறது. சல்லடையாக இருந்தால் இது நடக்காது, ஏனென்றால் இரண்டில் சோடியம்தான் சிறியது. பெரியதை விட்டுச் சிறியதை நிறுத்தும் சல்லடை எங்கே உண்டு? இந்தப் புதிரை 1998இல் ராடரிக் மக்கின்னன் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயை எக்ஸ் கதிரால் படமெடுத்து அவிழ்த்தார்; 2003 நோபல் பரிசின் மறுபாதி அவருக்குப் போனது. நீரில் இருக்கும் பொட்டாசியம் அயனியை நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்கள் சூழ்ந்திருக்கின்றன. கால்வாயின் மிகக் குறுகிய பகுதியில் இந்த நீர்ப்போர்வையோடு நுழைய இடமில்லை. போர்வையைக் கழற்றியாக வேண்டும். கழற்றுவதற்கு ஆகும் ஆற்றலை யாராவது திருப்பித் தர வேண்டும். அந்தக் குறுகிய பகுதியின் சுவரில் புரதத்தின் ஆக்சிஜன்கள், நீர்ப்போர்வையில் ஆக்சிஜன்கள் இருந்த அதே தொலைவில், அதே அமைப்பில் நிற்கின்றன. பொட்டாசியத்துக்கு நீரிலிருந்து கால்வாய்க்குள் வந்தது தெரிவதே இல்லை. விட்ட பிடி உடனே மறு பிடியாகக் கிடைக்கிறது. சிறிய சோடியம் உள்ளே வந்தால் ஒரு பக்கச் சுவரைத் தொட்டால் மறுபக்கம் எட்டாது. இரு கையும் நீட்டி இரண்டு கம்பியைப் பிடிக்க வேண்டிய இடத்தில் நிற்கும் சிறு பையனைப் போல அதற்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கழற்றிய போர்வைக்கு ஈடு கிடைக்காததால் அது நீரிலேயே நின்றுவிடுகிறது. தேர்வு என்று நாம் சொல்வது இங்கே ஆக்சிஜன் அணுக்கள் நிற்கும் இடைவெளியின் கணக்கு.

குளுக்கோஸுக்குத் திறந்த துளை கிடையாது. அதைக் கடத்தும் தாங்கிப் புரதம் இரு பக்கக் கதவுள்ள அறை போன்றது: வெளிப்பக்கம் திறந்திருக்கும்போது குளுக்கோஸ் உட்கார்ந்ததும் புரதத்தின் வடிவம் மாறி வெளிக்கதவு மூடி உட்கதவு திறக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. எந்தப் பக்கம் குளுக்கோஸ் அதிகமோ அங்கிருந்து குறைந்த பக்கம் போகும். செல் தன் கையிலிருந்து எதையும் செலவிடுவதில்லை. ஆனால் குறைந்த பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்கு ஏற்ற வேண்டுமென்றால் யாராவது விலை கொடுத்தாக வேண்டும்.

அந்த விலையைக் கொடுப்பது சோடியம் பொட்டாசியம் பம்பு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஜென்ஸ் ஸ்கூ நண்டின் கால் நரம்புகளை அரைத்து ஆராய்ந்து, சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்திருக்கும்போது மட்டும், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை வேகமாக உடைக்கும் ஒரு நொதி இருப்பதை 1957இல் வெளியிட்டார். நோபல் பரிசு வந்து சேர 40 ஆண்டுகள் ஆயின. ஒரு ஏ.டி.பி.க்கு மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுப்பது இந்தப் பம்பின் வேலை. கால்வாயோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவானது. நொடிக்குச் சில நூறு அயனிகளைத்தான் நகர்த்தும். ஆனால் ஓயாது. அதன் விளைவாக இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 140 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) இருக்கும் சோடியம் செல்லுக்குள் 10 முதல் 15 வரைதான் இருக்கிறது. பொட்டாசியம் நேர்மாறாக உள்ளே 140, வெளியே 4 அல்லது 5. உடல் ஓய்வாக இருக்கும்போது செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இந்த ஒரு பம்புக்கே போகிறது. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது சாப்பிட்ட சோற்றில் ஐந்தில் ஒரு பிடி சோடியத்தை வெளியே தள்ளத்தான் செலவாகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

பம்பு நின்றால் என்ன ஆகும் என்பதை இரத்த வங்கியில் நேரடியாகப் பார்க்கலாம். 2 முதல் 6 டிகிரி குளிரில் வைத்த இரத்தத்தில் பம்பு கிட்டத்தட்ட உறங்கிவிடுகிறது. சிறு கசிவுகள் வழியாகப் பொட்டாசியம் அணுக்களை விட்டு வெளியேறி, நாளாக ஆகப் பையிலுள்ள பிளாஸ்மாவில் ஏறிக்கொண்டே போகும். பச்சிளங்குழந்தைக்கு அதிக அளவில் இரத்தம் ஏற்றும்போது புதிதாக எடுத்த இரத்தத்தைத் தேடுவதற்கு இது ஒரு காரணம். நம் ஊர் வேலியோரத்து அரளி நஞ்சாக இருப்பதும் இதே பம்பால்தான். செவ்வரளியிலும் மஞ்சள் அரளியிலும் உள்ள கிளைக்கோசைடுகள் என்னும் வேதிப்பொருள்கள் பம்பின் வெளிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு அதை நிறுத்துகின்றன. இதயத் தசைச் செல்லில் சோடியம் ஏற, சோடியத்தின் இறக்கத்தை நம்பிக் கால்சியத்தை வெளியேற்றிக்கொண்டிருந்த இன்னொரு புரதமும் தளர்ந்துபோகிறது. கால்சியம் தேங்கி இதயத் துடிப்பின் ஒழுங்கு குலைகிறது, இரத்தத்தில் பொட்டாசியம் ஏறுகிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த டிகாக்சினை மிகச் சிறிய அளவில் இதய மருந்தாகக் கொடுக்கும்போது அந்தக் கால்சியம் தேக்கமே தசையின் வலுவைக் கூட்டுகிறது; மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையிலுள்ள இடைவெளி இங்கே மிகக் குறுகல்.

கவனித்தீர்களா, அரளியின் கதையில் கால்சியத்தை வெளியேற்றிய புரதம் நேரடியாக ஏ.டி.பி.யைத் தொடவே இல்லை. வெளியே குவிந்திருக்கும் சோடியம் உள்ளே இறங்கும் வேகத்தைத்தான் அது பயன்படுத்திக்கொண்டது. மேல்நிலைத் தொட்டியில் நீரை ஏற்றி வைத்துவிட்டால் வீட்டில் எந்தக் குழாயைத் திறந்தாலும் நீர் வருவதுபோல, பம்பு ஒருமுறை சோடியத்தை ஏற்றி வைத்துவிட்டால் பல புரதங்கள் அந்த இறக்கத்தில் தங்கள் வேலையைச் செய்துகொள்கின்றன. இரண்டாம் கேள்விக்கான திறவுகோல் இந்த ஏற்பாடு.

அதற்குப் போகுமுன் வாசல்களின் எண்ணிக்கை மாறுவதைப் பற்றி ஒரு சொல். செல் ஏற்கெனவே உள்ள வாசலைத் திறந்து மூடுவது ஒரு வழி. வாசலையே கொண்டுவந்து பதிப்பதும் பெயர்த்து எடுப்பதும் இன்னொரு வழி. உடலில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரசின் சுரக்கிறது. சிறுநீரகத்தின் சேகரிப்பு நாளச் செல்களுக்குள் நுண்பைகளில் காத்திருக்கும் அக்குவாபோரின்கள் அது வந்ததும் சவ்வுக்கு நகர்ந்து பதிகின்றன, நீர் உடலுக்குத் திரும்புகிறது, சிறுநீர் அடர்நிறமாகிறது. சாப்பிட்டபின் இன்சுலின் செய்வதும் இதேதான்: தசையிலும் கொழுப்பிலும் குளுட் 4 என்னும் குளுக்கோஸ் தாங்கிகளைச் சவ்வுக்கு வரவழைக்கிறது. தசை சுருங்கி விரியும்போதும், இன்சுலினின் உதவி இல்லாமலே, இந்தத் தாங்கிகள் மேலே வருகின்றன. நீரிழிவுக்காரரை நடக்கச் சொல்வதன் பின்னால் இதுவும் உண்டு. கொலஸ்ட்ராலைச் சுமக்கும் பெரிய துகள்களைப் போல எந்த வாசலிலும் நுழையாத சரக்கைச் செல் சவ்வையே உள்மடித்துப் பையாக்கி விழுங்குகிறது. அது தனியாக எழுத வேண்டிய பெரிய கதை.

இனி குடலுக்கு வருவோம். நாம் குடிப்பதும் உமிழ்நீர், இரைப்பை நீர், கணைய நீர், பித்தம் என்று உடலே சுரப்பதுமாக நாளொன்றுக்கு 8, 9 லிட்டர் நீர் குடலுக்குள் வருகிறது. அதில் மிகப் பெரும்பகுதி திரும்ப உறிஞ்சப்படுகிறது. நீரை நேரடியாகத் தூக்கும் பம்பு உடலில் எங்குமே இல்லை. உப்பை நகர்த்தினால் நீர் பின்தொடரும், அது ஒன்றுதான் வழி. காலராவின்போது கெடுவது இந்த உப்புப் போக்குவரத்து. காலராக் கிருமி வெளியிடும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பதைக் கொல்கத்தாவில் சம்பு நாத் தே 1959இல் காட்டினார். கிருமியை வடிகட்டி அகற்றிய திரவத்தை முயலின் குடலில் செலுத்தியபோதும் குடல் நீரால் நிரம்பியது. அந்த நஞ்சு குடல் செல்லுக்குள் நுழைந்து ஒரு சமிக்ஞைப் புரதத்தை 'திறந்த' நிலையிலேயே பூட்டிவிடுகிறது. அதன் விளைவாகக் குளோரைடு கால்வாய் ஒன்று மூடாமல் திறந்து கிடக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, பின்னால் சோடியமும், அதன் பின்னால் நீரும் போகின்றன. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை இப்படி வெளியேறும். இதே சமிக்ஞை, சோடியமும் குளோரைடும் சேர்ந்து உறிஞ்சப்படும் வழக்கமான வாசலையும் அடைத்துவிடுகிறது. வெறும் உப்புநீரைக் குடித்தால் பயனில்லாமல் போவது இதனால்தான். உப்புக்கான பொதுவாசல் உள்ளிருந்து பூட்டப்பட்டிருக்கிறது. குடித்த உப்பு குடலிலேயே நின்று கழிவோடு போகிறது.

ஆனால் நஞ்சு தொடாத வாசல் ஒன்று இருக்கிறது. எஸ்.ஜி.எல்.டி. 1 என்னும் அந்தத் தாங்கி இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தால்தான் உள்ளே விடும். ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு அங்கே வேலையில்லை. சிறுகுடல் செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தை நோக்கிய சவ்வில், சோடியம் பம்பு ஓடிக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் எப்போதும் குறைவு. அந்த இறக்கத்தில் குடலிலிருந்து சோடியம் விழும்போது குளுக்கோஸையும் கூடவே இழுத்து வருகிறது. உள்ளே வந்த சோடியத்தைப் பம்பு இரத்தப் பக்கம் தள்ளுகிறது. குளுக்கோஸ் வேறொரு தாங்கி வழியாக இரத்தத்துக்குப் போகிறது. இரண்டையும் தொடர்ந்து நீர் போகிறது. சோடியத்தோடு குளுக்கோஸ் இணைந்து போகிறது என்ற இந்தக் கருத்தை ராபர்ட் கிரேன் 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் முன்வைத்தார். அவர் விளக்க முயன்றது சர்க்கரை உறிஞ்சப்படுவதை. மருத்துவர்கள் அதைத் திருப்பிப் போட்டு, சர்க்கரையைக் கொடுத்து உப்பை உறிஞ்சச் செய்யலாம் என்று கண்டார்கள். பொட்டலத்திலுள்ள சர்க்கரை தெம்புக்காகவோ சுவைக்காகவோ சேர்த்ததன்று. உப்பு உள்ளே போக அதுதான் அனுமதிச் சீட்டு.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நாளத்தில் ஏற்றும் திரவம் தீர்ந்துவிட்டது. மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் நீரில் கலந்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். முகாமில் 30 விழுக்காட்டை எட்டியிருந்த இறப்பு, இந்தக் கரைசலைப் பெற்றவர்களிடையே 4 விழுக்காட்டுக்கும் கீழே வந்தது.

அளவு ஏன் முக்கியம் என்பதற்கு மேலே சொன்ன சவ்வூடு பரவலே விடை. இப்போது உலக நலவாழ்வு அமைப்பு பரிந்துரைக்கும் கலவை ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம். சோடியமும் குளுக்கோஸும் இதில் தலா 75 மில்லிமோலாகச் சமமாக இருக்கின்றன. எல்லாத் துகள்களையும் கூட்டினால் 245. பழைய கலவையில் இது 311ஆக இருந்தது. இரத்தத்தின் அளவு 285, 290 என்பதால், அதைவிட நீர்த்த கரைசலிலிருந்து நீர் எளிதாக உடலுக்குள் நகரும் என்று கண்டு 2002இல் குறைத்தார்கள். ஆப்பிள் சாறு போன்ற இனிப்புப் பானங்களில் இந்த எண் 600க்கும் மேலே போகும், சோடியமோ பெயருக்குத்தான் இருக்கும், எஸ்.ஜி.எல்.டி. 1 ஏற்க முடியாமல் மிஞ்சும் சர்க்கரை குடலிலேயே தங்கி, மாவடு ஜாடியில் கல்லுப்பு செய்த வேலையைக் குடலில் செய்யும். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை ஒரு டம்ளர் நீரில் கலக்கி, 'கெட்டியாக இருந்தால் சீக்கிரம் குணமாகும்' என்று குழந்தைக்குப் புகட்டுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 200 மில்லி டம்ளரில் அது 1200ஐத் தாண்டும். நீர் குழந்தையின் உடலிலிருந்து குடலுக்குள் இழுக்கப்படும், போக்கு கூடும். கடைகளில் 200 மில்லிக்கான சிறு பொட்டலங்களும் கிடைக்கின்றன. ஆகவே உறையில் எத்தனை மில்லி என்று அச்சிட்டிருக்கிறது என்பதைப் படித்துவிட்டு, அந்த அளவு நீரை அளந்து எடுத்துக்கொண்ட பிறகே பொட்டலத்தைப் பிரியுங்கள்.